பெரிய 4×4 வண்டி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஒன்பது வருடமாக ஒரு பெரிய டீசல் 4×4 வண்டியும் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதற்குச் செலவான ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நோட்டு விஷயம் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது முதல், வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாம் எனக்கு ஒரு போன் போட்டுவிடுகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. சொன்னால் மிச்சத்தைப் படிக்காமல் அதையே தேடப் போய்விடுவீர்கள்.

அண்ணா, 4×4, 4×2, ஏ.டபிள்யூ.டி. எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. 4×2 என்றால் இன்ஜின் இரண்டு சக்கரத்தை மட்டும்தான் ஓட்டும். ஏ.டபிள்யூ.டி. வண்டியில் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு விசை போக வேண்டும் என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். மழை ரோட்டுக்கு அருமை. ஆனால் பெரும்பாலும் அதில் ‘லோ’ கியர் இருக்காது. முழு 4×4 வண்டியில் கியர் பாக்ஸோடு சேர்த்து டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கும். ‘4 லோ’ போட்டால் வேகம் குறைந்து இழுவை பல மடங்காகும். சேற்றிலிருந்து வெளியே வரவும், செங்குத்தான கல் பாதையில் பிரேக்கை நம்பாமல் இறங்கவும் அதுதான் உதவும்.

வண்டியின் உருவத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 2021-இல் வந்த புது டீசல் சஃபாரி, முன்சக்கரத்தில் மட்டும் ஓடுவது. டொயோட்டா ஃபார்ச்சூனர் இரண்டு விதமாகவும் வருகிறது. ஸ்கார்பியோ-என் வண்டியில் டீசலுக்கு மட்டும்தான் 4×4. பழைய வண்டிச் சந்தையில் 4×2 வண்டியின் பின்கதவில் ‘4×4’ எழுத்தை ஒட்டி விற்பதும் நடக்கிறது. குனிந்து அடியில் பாருங்கள். முன் அச்சுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டையும் (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி), அதற்கு வந்து சேரும் ஷாஃப்டும் இருந்தால்தான் 4×4. ஐம்பது ரூபாய் ஸ்டிக்கரை நம்பி மூன்று லட்சம் கூடக் கொடுக்க வேண்டாம்.

எனக்கு நெஜமாவே 4×4 வேணுமாங்க?

பாதிப் பேருக்கு வேண்டாம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி என்று பயமுறுத்துவார்கள். இரண்டும் தார் ரோடு, பஸ்ஸே போகிறது. ஒரு காலத்தில் தனுஷ்கோடிக்கு மணலில் ஜீப்பிலும் வேனிலும்தான் போக முடியும். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டது. கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் பாதைக்கு 4×4 கட்டாயம்தான். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை போகும் பாதைக்காக வண்டி வாங்குவதைவிட, அங்கே காத்திருக்கும் ஜீப்பில் காசு கொடுத்து ஏறிக்கொள்வது மலிவு. அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு கல்லும் பழக்கம்.

யாருக்கு வேண்டும்? மழைக்காலத்தில் டிராக்டர் உழுதுபோட்ட வண்டிப்பாதையில் தோப்புக்குள் போக வேண்டியவர், எஸ்டேட்டில் குடியிருப்பவர், பின்னால் டிரெய்லர் இழுப்பவர். ஐப்பசி, கார்த்திகையில் என் தோப்புக்குள் 4×2 கொண்டுவந்தவர்களை நான்தான் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். உங்கள் பாதை அப்படி என்றால் மேலே படியுங்கள்.

மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?

இரண்டு டன் எடையுள்ள டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு டவுனில் 8 முதல் 10, நெடுஞ்சாலையில் 90 தாண்டாமல் போனால் 12, 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்து ஓட்டினால் 11. விற்பவர் 15 என்றால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், ஆனால் செலவில் இது பெரிய பங்கு இல்லை. வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால், 11 கொடுக்கும் வண்டிக்கு சுமார் 1,25,000 ரூபாய் ஆகும். 12 கொடுத்தால் 1,15,000. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் வருடத்துக்கு மிச்சம் பத்தாயிரம். ஒரு டயரின் விலைகூட அது வராது.

சரி, மொத்தமா வருஷத்துக்கு என்னதான் ஆகும்?

20 லட்சத்துக்கு வாங்கிய ஐந்தாறு வருடப் பழைய வண்டி என்று வைத்து, நான் என் தம்பிக்குப் போட்டுக்கொடுத்த கணக்கு இது. டீசல் மேலே சொன்ன 1,25,000. இன்ஷூரன்ஸ் 50,000. இதில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வரி சேர்க்காமல் 7,897. டயர் தேய்மானம் 22,000: ஒன்று 18,000 வீதம் நான்கு டயர், 50,000 கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கு. வழக்கமான சர்வீஸ் 30,000. எதிர்பாராத ரிப்பேருக்கு ஒதுக்கி வைப்பது 60,000. ஆக 2,87,000, அதாவது கிலோமீட்டருக்கு 19 ரூபாய்.

இதோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். வண்டியின் விலை வருடத்துக்குப் பத்து சதவீதம் இறங்குகிறது என்றால் இன்னும் 2 லட்சம். இப்போது 4,87,000, கிலோமீட்டருக்கு 32 ரூபாய். டீசல் அதில் நாலில் ஒரு பங்குதான். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, தீனியைவிட யானை இளைப்பதுதான் அதிகச் செலவு. கடன் வாங்கியிருந்தால் வட்டியையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் ஏன் இவ்வளவு என்று தம்பி கேட்டான். சின்னக் காருக்கு இன்ஜின் ஆயில் மூன்று, மூன்றரை லிட்டர் போதும். ஃபார்ச்சூனரின் 2.8 இன்ஜினுக்கு ஏழரை லிட்டர் வேண்டும். அதற்கு மேல் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனித்தனி ஆயில். பிரேக் பேடும் பெரிது, பில்லும் பெரிது.

டோல்கேட்ல இதுக்கு ஜாஸ்தி வாங்குவாங்களா?

இல்லை. கார், ஜீப், வேன் எல்லாம் ஒரே வகை. 2025 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 200 தடவை என்ற வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸும் சொந்த வண்டிகளுக்கு உண்டு, தொடங்கியபோது 3,000 ரூபாய்.

புதுசா எடுக்கறதா, பழசா எடுக்கறதா?

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 40 லட்சம் வண்டிக்கு 8 லட்சம் வரி. வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டும் முன்பே ஒரு சின்னக் கார் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்த 50 சதவீதம், 40 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்திதான். அது பழைய வண்டிகளின் விலையையும் கொஞ்சம் கீழே இழுக்கும் என்பதால், பேரம் பேசும்போது அந்தத் தேதியை ஞாபகம் வைத்திருங்கள்.

பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர் புதிதாக எடுக்கட்டும். நாலு வருடத்தில் மாற்றிவிடுவேன் என்பவர், முதல் ஆள் வரி கட்டி, முதல் மூன்று வருட விலை வீழ்ச்சியையும் தாங்கிய வண்டியை எடுக்கட்டும். சர்வீஸ் கணக்கு முழுதாக இருந்தால் மட்டும்.

டொயோட்டான்னா கண்ணை மூடிட்டு எடுக்கலாம்ல?

கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கலாம். நல்ல வண்டிதான், விற்கும்போதும் விலை நிற்கும். ஆனால் நிற்கும் விலையை வாங்கும்போது நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, கண்டபடி அடிபட்ட ஃபார்ச்சூனருக்குக் கேட்கும் காசில், பாதி ஓடிய வேறு கம்பெனி வண்டி கிடைக்கும்.

2009 முதல் 2016 வரை வந்த பழைய ஃபார்ச்சூனரின் 3.0 இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் திறக்க வேண்டி வரும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் பரிசோதித்து வாங்க வேண்டும். 2016 நவம்பருக்குப் பிறகு வந்த 2.8-இல் பெல்ட் இல்லை, செயின். எந்தக் கம்பெனியும் தப்பு செய்யாதது அல்ல. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகள் சுமார் 2.6 லட்சத்தின் புகை வடிகட்டிக் கோளாறு நீதிமன்றம் வரை போனது. 2022-இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது.

என்னைக் கேட்டால், நம்பகம் என்பது பாதி வண்டியில் இருக்கிறது, பாதி உங்கள் ஊரில் இருக்கிறது. கெட்டுப்போகாத வண்டி இல்லை. கெட்டால் எத்தனை நாளில் மறுபடி ரோட்டுக்கு வரும் என்பதுதான் கேள்வி. வாங்கும் முன் உங்கள் ஊர் பாகக் கடையில் போய் கிளட்ச் பிளேட், முன் வீல் பேரிங், ஆல்டர்னேட்டர் மூன்றும் அந்த மாடலுக்கு இருக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். கடைக்காரர் யோசிக்காமல் பதில் சொன்னால் அந்த வண்டி உங்கள் ஊருக்கு நம்பகமானது.

வண்டி டவுனுக்குள்ளதான் ஓடும், ஸ்கூல், ஆபீஸ். டீசல் எடுக்கலாமா?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் டிபிஎஃப் எனும் புகை வடிகட்டி வந்துவிட்டது. அது கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் வண்டி நன்றாகச் சூடானதும் எரித்துவிடும். மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடம், நான்கு கிலோமீட்டர் ஆபீஸ் என்றே ஓடினால் சூடாகவே ஆகாது. கரி அடைத்து விளக்கு எரியும், ஒரு கட்டத்தில் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புதிதாக மாற்றச் சொன்னால் பில் லட்சக் கணக்கில் வரும்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பைபாஸில் சீரான வேகத்தில் ஓட்ட முடியும் என்றால் எடுங்கள். விளக்கு எரிந்தால் உடனே வண்டியை அணைக்காமல் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். ‘அதைக் கழற்றி எறிந்துவிடலாம்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடமிருந்து நீங்கள் கழன்றுகொள்ளுங்கள். அது சட்டவிரோதம். ஸ்கார்பியோ-என் டீசல் போன்ற வண்டிகளுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்ப்ளூ திரவமும் ஊற்ற வேண்டும். பெரிய செலவில்லை, ஆனால் தீர்ந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அப்ப பெட்ரோல்ல 4×4 இல்லையா?

இந்த விலையில் பெரிய வண்டிகளில் தேடுவது வீண். ஃபார்ச்சூனர் 2.7 பெட்ரோல் 4×2 மட்டும்தான். மஹிந்திராவின் ‘தார்’ வண்டி பெட்ரோலில் உண்டு, ஆனால் குடும்பத்தோடு ஊருக்குப் போக மூன்று கதவு வண்டி போதுமா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஃபோர்டு கடையச் சாத்திட்டுப் போயிட்டாங்களே, எண்டெவர் எடுக்கலாமா?

எனக்கு மனசுக்குப் பிடித்த வண்டி. மறைமலை நகரில் செய்தது. 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் இன்ஜினின் சத்தத்துக்காகவே வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸும் பாகங்களும் தொடர்கின்றன. இதே வண்டி வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்ற பெயரில் ஓடுவதால் இன்ஜின் பாகங்களுக்குப் பெரிய தட்டுப்பாடு வராது.

தொல்லை வேறு இடத்தில். ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, எலக்ட்ரானிக் பெட்டிகள் இவற்றுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் திறக்கப்போவதாக 2024-இல் அறிவித்தார்களே என்றால், அதற்கும் உங்கள் ஹெட்லைட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே வீட்டில் இன்னொரு கார் இருந்தால் தாராளமாக எடுங்கள், விலையும் சாதகம். இருப்பதே இந்த ஒரு வண்டி என்றால் வேண்டாம். திருவள்ளூரில் செய்த பழைய பஜெரோ ஸ்போர்ட்டுக்கும் இதே பதில்தான், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. அதில் டைமிங் பெல்ட் வேறு இருக்கிறது.

பதினஞ்சு லட்சத்துக்குப் பத்து வருஷ ஜெர்மன் வண்டி கிடைக்குது. ஃபார்ச்சூனரை விட மலிவா இருக்கே?

வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, பாகங்களின் விலை இறங்கவில்லை. ஏர் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால், எண்பது லட்சத்துக்கு விற்ற வண்டிக்கு உரிய பில்தான் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மேலே போட்ட கணக்கில் ரிப்பேர் ஒதுக்கீட்டை 60,000 என்று எழுதினேன். இதற்கு அந்த இடத்தில் 3 லட்சம் என்று எழுதிப் பார்த்து, அப்போதும் தூக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

டெல்லி வண்டி அஞ்சு லட்சம் கம்மியா வருது. எடுக்கலாமா?

குறைவதற்குக் காரணம் இருக்கிறது. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லிப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது, 2025-இல் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. அந்தத் தடையால்தான் எட்டு, ஒன்பது வருட டீசல் வண்டிகள் தெற்கே வர ஆரம்பித்தன. அவற்றில் நல்ல வண்டியும் உண்டு.

கணக்கை மட்டும் முழுதாகப் போடுங்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே மறுபதிவு, வண்டியின் வயதுக்கேற்ற தமிழ்நாட்டு ஆயுள் வரி, ஏஜென்ட் காசு, கொண்டுவரும் செலவு. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலப் பதிவிலேயே ஓட்டவும் முடியாது. எல்லாம் போக ஐந்து லட்சத்தில் ஒன்றரை மிஞ்சினால் பெரிது. கடன் பாக்கி இருக்கிறதா என்பதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள், என்.ஓ.சி. கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

விக்கிறவர் ‘4×4-ஐ ஒரு தடவைகூடப் போட்டதில்லீங்க’ன்னு பெருமையா சொல்றார். நல்லதுதானே?

அவர் சொன்னதிலேயே எனக்குப் பயம் தரும் வாக்கியம் இதுதான். ஓடாத பாகம் இறுகிப்போகும். முன் அச்சை இணைக்கும் மோட்டார் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை ஆறேழு வருடமாக யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். சர்வீஸ் பில்லில் ‘டிஃபரன்ஷியல் ஆயில்’ என்ற வரி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

நான் மாதம் ஒருமுறை மண் பாதையில் 4 ஹை (வேகம் குறையாமல் நான்கு சக்கரமும் ஓடும் நிலை) போட்டு இரண்டு, மூன்று கிலோமீட்டர் போவேன், 4 லோ போட்டு நூறு மீட்டர். காசு செலவில்லாத பராமரிப்பு இது ஒன்றுதான்.

அப்ப பாதுகாப்புக்கு எப்பவுமே 4 ஹை-லயே ஓட்டிட்டா?

கூடாது. திருப்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் உருளாது. ஃபார்ச்சூனர் 2.8, ஸ்கார்பியோ-என் போன்ற வண்டிகளில் 4 ஹை போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்துக்குப் பூட்டப்படும். மண்ணில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் கியர்கள் முறுக்கேறும். ஸ்டியரிங் இழுக்கும், டயர் கத்தும், கடைசியில் எங்கேயோ ஒன்று உடையும். எண்டெவர் 4×4, முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் 4×4 ஆகியவை எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும்படி செய்தவை. அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அவற்றில் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒரு டயர் வெடித்தால் ஒன்று மட்டும் புதிதாகப் போட்டுச் சமாளிக்கும் வேலை அங்கே நடக்காது.

எண்டெவர் 800 மில்லிமீட்டர் தண்ணில போகும்னு போட்டிருக்காங்க. சென்னை வெள்ளத்துக்குப் பயமில்லைல்ல?

அந்த 800 என்பது தெளிந்த, ஓட்டமில்லாத நீரில், மெதுவாக, பள்ளம் எங்கே என்று தெரிந்து போகும்போது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் நின்றது அந்த மாதிரித் தண்ணீர் இல்லை. எதிரே ஒரு பஸ் வந்தால் அலை பானெட்டைத் தாண்டும்.

நின்றுபோன வண்டியைத் தண்ணீருக்குள் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், ‘இன்ஜின் புரொடெக்ட்’ கூடுதல் காப்பீடு இல்லாவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். ஆழமான நீரைத் தாண்டி வந்தால் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். பழைய சென்னை வண்டி பார்க்கப் போனால், சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டை மறந்துவிடுவார்கள்.

விக்கிறவர் அரை மணி நேரம்தான் டைம் தருவேங்கறார். எதைப் பாக்கறது?

பாட்டுப் பெட்டியையும் சன் ரூஃபையும் பார்க்காதீர்கள், அரை மணி அதிலேயே போய்விடும். முதல் பத்து நிமிடம் வண்டிக்கு அடியில்: ஆயில் கசிவு, கிழிந்த ரப்பர் பூட், சேஸில் துரு, வெல்டிங் தடம். அடுத்த பத்து நிமிடம் ரோட்டில்: வேகத்தடையில் கடகடவென்ற சத்தம், நேர் ரோட்டில் ஸ்டியரிங் இழுப்பு, மேட்டில் நின்று கிளம்பும்போது கியரில் உதறல். கடைசிப் பத்து நிமிடம் ஏதாவது ஒரு மண் பாதையில் 4 ஹை, 4 லோ இரண்டையும் போட்டு, விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிகிறதா என்று பார்க்க. பக்கத்தில் மண் பாதையே இல்லை என்பார். காலி மனை இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. முந்தின நாளே போனில், ‘நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று சொல்லிவையுங்கள். குளிர்ந்த டீசல் இன்ஜின் முதல் முறை எப்படிக் கிளம்புகிறது, எவ்வளவு புகை விடுகிறது என்பதில் இன்ஜெக்டரின் கதை பாதி தெரிந்துவிடும். போனதும் வணக்கம் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.